பத்து மாத அட்வான்ஸ்

போன வாரம் சென்னையிலிருந்து பேத்தி போன் செய்தாள். பெருங்குடிப் பக்கம் வேலை. ஆறு மாதம் பெண்கள் விடுதியில் இருந்து பார்த்துவிட்டு, இப்போது தோழி ஒருத்தியோடு சேர்ந்து வீடு பிடித்திருக்கிறாள். ஒரு படுக்கையறை, ஒரு கூடம், மூன்றாவது மாடி. வாடகை மாதம் 22,000 ரூபாய்.

"அட்வான்ஸ் பத்து மாசம் கேக்குறாங்க தாத்தா. ரெண்டு லட்சத்து இருபதாயிரம். அப்பாகிட்ட இப்பக் கேக்க முடியாது. நீங்க தர முடியுமா? காலி பண்றப்ப அப்படியே திருப்பித் தந்துருவேன்" என்றாள்.

"சட்டத்துல மூணு மாசம்னுதானேம்மா போட்டிருக்கு?" என்றேன். முப்பத்து நான்கு வருடம் குமாஸ்தாவாக இருந்தவன் வாயில் வேறென்ன வரும்!

"சட்டத்தைச் சொன்னா வீடு வேற ஆளுக்குப் போயிரும் தாத்தா."

அவள் சொன்னதும் சரிதான். போனை வைத்துவிட்டு ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2,20,000 ரூபாயை வங்கியில் ஏழு சதவீத வட்டிக்குப் போட்டால் வருடத்துக்கு 15,400 ரூபாய் வரும், அதாவது மாதம் 1,283 ரூபாய். அந்த வட்டி வீட்டுக்காரருக்குப் போகிறது. ஆகவே உண்மை வாடகை 22,000 அல்ல, 23,283. ஒப்பந்தப் பத்திரத்தில் ஏறாத வாடகை இது. இங்கே சங்கரன்கோவிலில் ஐயாயிரம், ஆறாயிரத்துக்குக் காற்றோட்டமான முழு வீடு கிடைக்கும். அட்வான்ஸும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசி முடிக்கிற தொகைதான். ஆனால் பெருங்குடி வேலை பெருங்குடியில்தானே இருக்கிறது.

இந்தப் பத்து மாத அட்வான்ஸ் எங்கிருந்து வந்தது என்று நம் பிள்ளைகள் யாரும் கேட்பதில்லை. என்றைக்கும் இருந்த வழக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் சென்னையில் குடியேறிய 1975-இல் ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்குவதே சட்ட விரோதம். அதைத் தெரிந்துகொண்டே ஐந்து மாத அட்வான்ஸ் கொடுத்துத்தான் நானும் குடிபோனேன். அந்தக் கதைக்கு முன்னால் கொஞ்சம் பழைய சரித்திரம் சொல்ல வேண்டும்.

சென்னையில் குடியிருப்பவர்களைக் காக்க வந்த முதல் பெரிய சட்டம் வீட்டு வாடகையைப் பற்றியதல்ல, மனை வாடகையைப் பற்றியது. பட்டணத்தில் பல இடங்களில் மனை ஒருவருக்குச் சொந்தமாக இருக்கும். அதன்மேல் குடிசையோ ஓட்டு வீடோ கட்டிக்கொண்டவர் வேறொருவர். எழுத்து ஒப்பந்தம் எதுவும் இராது. பகுதி கொடுத்துக்கொண்டிருக்கும் வரை நம்மை யாரும் கிளப்ப மாட்டார்கள் என்ற நம்பிக்கை ஒன்றுதான் பத்திரம். முதல் உலகப் போருக்குப் பிறகு மனை விலை ஏற, சொந்தக்காரர்கள் கிளப்ப ஆரம்பித்தார்கள். அதற்குத்தான் 1922-இல் சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வெளியேற்றினால் கட்டடத்துக்கு ஈடு கொடு, இல்லையேல் நீதிமன்றம் வைக்கும் விலைக்கு மனையையே குடியிருப்பவனுக்கு விற்றுவிடு என்று அந்தச் சட்டம் சொன்னது. அந்தக் காலத்துக்குத் துணிச்சலான சட்டம்தான்.

வீட்டு வாடகைக்குக் கட்டுப்பாடு என்பது உலகம் முழுவதும் போரின் பிள்ளை. 1915-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் கப்பல் பட்டறை, ஆயுதத் தொழிற்சாலைகளுக்கு ஆட்கள் வந்து குவிந்தார்கள். வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். ஆண்கள் போர்முனையில் இருக்க, மேரி பார்பர் என்ற பெண்மணி முன்னால் நிற்க, பெண்கள் வாடகை கொடுக்க மறுத்துத் தெருவில் இறங்கினார்கள். அந்த வருடம் முடிவதற்குள் லண்டன் அரசாங்கம் வாடகையை 1914 ஆகஸ்டு அளவில் நிறுத்திச் சட்டம் போட்டது. 1918-இல் பம்பாயிலும் 1920-இல் கல்கத்தாவிலும் அதே மாதிரிச் சட்டங்கள் வந்தன. சென்னைக்கு அடுத்த போர் வரவேண்டியிருந்தது. இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் 1941-இல் சென்னை வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவு வந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உத்தரவு வந்த மறு வருடமே, 1942 ஏப்ரலில், ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்ற பீதியில் பட்டணம் காலியானது. வீடு கேட்க ஆளில்லை. எங்கள் அலுவலகத்தில் ஓய்வுபெறும் வயதில் இருந்த ஒரு தலைமைக் குமாஸ்தா, "வாடகையே வேண்டாம், விளக்கேற்றிவைத்தால் போதும் என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்" என்று அடிக்கடி சொல்வார். பீதி அடங்கியதும் போனவர்கள் திரும்பினார்கள், புதிதாகவும் வந்தார்கள். 1941 மக்கள்தொகைக் கணக்கில் சென்னைப் பட்டணத்தில் 7.77 லட்சம் பேர், 1951-இல் 14.16 லட்சம். நடுவில் சைதாப்பேட்டை முதலிய ஊர்களை நகரத்தோடு சேர்த்தது ஒரு காரணம் என்றாலும், பத்து வருடத்தில் கிட்டத்தட்ட இரட்டிப்பு. வீடுகள் அப்படி இரட்டிக்கவில்லை.

போர் முடிந்தும் கட்டுப்பாடு போகவில்லை. 1946-இல் சட்டமாயிற்று, 1949-இல் மறுபடி வந்தது. நியாய வாடகைக்கு அடிப்படை என்ன தெரியுமா? 1940 ஏப்ரல் 1-க்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் அந்த வட்டாரத்தில் நடப்பில் இருந்த வாடகை. அதன்மேல் ஏதோ சில சதவீதம் கூட்டிக்கொள்ளலாம். அரிசி விலை எங்கேயோ போய்விட்டது. வாடகை மட்டும் போருக்கு முந்தைய காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றது. 1960-இல் வந்த சட்டம்தான் அந்தக் காலண்டரைக் கிழித்தது. கட்டடத்தின் விலையும் மனையின் விலையும் சேர்ந்த மொத்தத்தில் வருடத்துக்கு ஆறு சதவீதம் நியாய வாடகை என்றார்கள்; 1973-இல் குடியிருப்புகளுக்கு அதை ஒன்பது ஆக்கினார்கள். கட்டி ஐந்து வருடம் ஆகாத புதுக் கட்டடத்துக்குச் சட்டம் பொருந்தாது. புதிதாகக் கட்டுகிறவன் பயந்துவிடக் கூடாதல்லவா!

இந்த இடத்தில் என் பள்ளிக்கூடம் ஞாபகம் வருகிறது. நான் பிறந்தது புதுச்சேரி. பிரெஞ்சு வழியில் படித்தேன். 1962 ஆகஸ்டு 16-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்குப் பதினொரு வயது. கொடி மாறியதே தவிர எங்கள் வகுப்பில் மொழி மாறவில்லை. வாடகைக்குப் பிரெஞ்சில் 'லுவாயே' என்பார்கள். வீட்டுக்காரரைக் கேலியாக 'முசியே வொத்தூர்' என்பார்கள், பிணந்தின்னிக் கழுகார் என்று அர்த்தம். வாடகை கொடுக்காமல் இரவோடிரவாகச் சாமான்களோடு கம்பி நீட்டுவதற்கு 'மரமணி அடித்துக்கொண்டு வீடு மாறுவது' என்று பெயர். மரமணி சத்தம் போடாதே! ஒரு ஜனங்களின் கஷ்டம் அவர்களுடைய கேலிப் பேச்சில்தான் முதலில் தெரியும்.

எங்கள் பிரெஞ்சு ஆசிரியர் சொன்ன ஒரு சம்பவத்தை நான் மறக்கவில்லை. 1954 பிப்ரவரி 1-ஆம் தேதி, பாரிஸில் எலும்பைக் குத்தும் குளிர். இரண்டு நாள் முன்னால் வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட ஒரு பெண் நடைபாதையிலேயே உறைந்து செத்துப்போனாள். கையில் இருந்த தாள் அவளை வெளியேற்றிய உத்தரவு. அபே பியேர் என்ற பாதிரியார் அதை வானொலியில் சொல்லி உதவி கேட்டார். பிரான்சே எழுந்து வந்து போர்வையும் பணமும் கொட்டியது. இரண்டு வருடம் கழித்து, 1956 டிசம்பரில், குளிர்காலத்தில் யாரையும் வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. இன்றும் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை அங்கே அது நடப்பில் இருக்கிறது. நம் சட்டத்தில் ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு அப்படி ஒரு பிரிவு இருந்து நான் பார்த்ததில்லை.

வெளியேற்றுகிறவர் கழுகார், வெளியேறுகிறவள் குளிரில் சாகும் ஏழை. இந்தப் படம்தான் என் மனதில் பதிந்திருந்தது. 1975-இல் சேப்பாக்கத்தில் ஒரு துறையில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, சிந்தாதிரிப்பேட்டையில் வீடு தேடியபோதும் அந்தப் படத்தோடுதான் தேடினேன்.

சிந்தாதிரிப்பேட்டையைத் தேர்ந்தெடுத்தது அலுவலகத்துக்கு நடந்தே போகலாம் என்பதால். இன்னொரு பொருத்தமும் உண்டு. 1734-இல் கூவம் ஆற்று வளைவில் நெசவாளர்களைக் குடியேற்றிக் கும்பினியார் உண்டாக்கிய பேட்டை அது. சின்னத் தறிப்பேட்டை என்பதே பெயர். என் மனைவியோ சங்கரன்கோவிலில் தறி வீட்டுப் பெண். "இங்கேயும் தறியா?" என்று ஆசையாகப் போய்ப் பார்த்தாள். தறிச் சத்தம் எப்போதோ ஓய்ந்திருந்தது. மீன் மார்க்கெட் பக்கத்தில் இருந்தது மட்டும் எனக்குச் சௌகரியம். அதற்கு முன் மூன்று தெருக்களில் "மீன் சமைப்பீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தியிருந்தார்கள்.

எங்களுக்குக் கிடைத்தது ஒரு பழைய ஓட்டு வீட்டின் முன்பக்கம். ஒரு அறை, ஒரு சமையல் தாழ்வாரம், தெருவைப் பார்த்த திண்ணை. குழாயும் கக்கூஸும் பொது. பின்பக்கத்தில் வீட்டுக்காரம்மா இருந்தார். கணவரை இழந்தவர், ஒரே மகன் அப்போது பள்ளி முடிக்கும் வயது. வாடகை அறுபது ரூபாய், அட்வான்ஸ் முந்நூறு. எனக்குப் பிடித்தங்கள் போகக் கையில் வந்ததே முந்நூற்றுச் சொச்சம். மனைவியின் கழுத்துச் சங்கிலி ஒன்று அடகுக்குப் போய்த்தான் அந்த முந்நூறு வந்தது.

நான்கு வருடம் நன்றாகப் போயிற்று. எங்கள் பெரியவன் பிறந்தபோது பத்தியத்துக்கு மிளகுக் குழம்பு வைத்துக் கொடுத்தது அந்த அம்மாள்தான். 1979-இல் ஒருநாள், "தம்பி, விலைவாசி இப்படிக் கிடக்குது, அடுத்த மாசத்துலேர்ந்து நூறா குடுங்க" என்றார். நான் திடுக்கிட்டேன். அலுவலகத்தில் என் பக்கத்து மேஜைக்காரர் சட்டப் புலி. "ஒரு பைசா ஏற்றாதே. ஏற்ற வேண்டுமானால் அவர்தான் வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றத்தில் நியாய வாடகைக்கு மனுப்போட வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்கியதே தப்பு, அதையும் ஞாபகப்படுத்து" என்றார். ஞாபகப்படுத்தினேன். அந்த அம்மாள் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். மறுமாதம் அறுபதை நீட்டினால் வாங்கவில்லை.

அதற்கும் 1960 சட்டத்தில் வழி இருந்தது. எட்டாவது பிரிவு. வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்தால், எந்த வங்கியில் கட்டவேண்டும் என்று எழுதிக் கேட்கவேண்டும். அவர் சொல்லாவிட்டால் மணியார்டரில் அனுப்பவேண்டும். அதையும் மறுத்தால் நீதிமன்றத்தில் கட்டிவிடலாம். இப்படிச் செய்துகொண்டிருக்கும் வரை, வேண்டுமென்றே பாக்கி வைத்தான் என்று சொல்லி நம்மைக் கிளப்ப முடியாது. இன்னொரு நுணுக்கமும் அந்தப் பிரிவில் உண்டு: மணியார்டர் கமிஷனை வாடகையிலேயே கழித்துக்கொள்ளலாம்.

நான் கழித்துக்கொண்டேன்.

ஆக, ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி அஞ்சலகத்துக்குப் போய் வரிசையில் நின்று மணியார்டர் கட்டுவேன். இரண்டு மூன்று நாள் கழித்துத் தபால்காரர் அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு எங்கள் திண்ணையைத் தாண்டி, எங்கள் வாசல் வழியாகவே நடந்து, பின்கட்டுக்குப் போய்க் கொடுப்பார். திரும்பும்போது ஒப்புகைச் சீட்டை என்னிடம் நீட்டுவார். "ஏன் சார், நீங்களே நாலு எட்டு வச்சுக் குடுத்துடக் கூடாதா?" என்று ஒருமுறை கேட்டார். அந்த அம்மாள் மணியார்டரை ஒருமுறைகூட மறுக்கவில்லை. வேறு வருமானம் இல்லை என்பது எனக்குத் தெரியும். இப்படி இருபத்தாறு மாதம்.

நியாய வாடகைக்கு அவர் ஏன் மனுப்போடவில்லை என்று கேட்பீர்கள். பொதுப்பணித்துறை விகிதப்படி கட்டடத்துக்கு மதிப்புப் போட்டு, வயதுக்குத் தேய்மானம் கழித்து, மனையின் சந்தை விலையைச் சேர்த்து, அதில் ஒன்பது சதவீதம் கணக்கிட ஒரு பொறியாளர் வேண்டும், ஒரு வக்கீல் வேண்டும். வருடக்கணக்கில் உயர்நீதிமன்ற வளாகத்துக்கு நடக்க வேண்டும். அந்த வீட்டின் முன்பக்கம் குறைத்துப் பார்த்தாலும் நாற்பதாயிரம் மதிப்பு. ஒன்பது சதவீதம் என்றால் வருடத்துக்கு 3,600, மாதம் முந்நூறு. அவர் கேட்டது நூறு. இந்தக் கணக்கை அப்போதே நான் ஒரு தாளில் போட்டுப் பார்த்திருந்தேன். யாரிடமும் காட்டவில்லை.

அந்தச் சட்டம் கெட்ட சட்டம் என்று நான் சொல்லவரவில்லை. அது இல்லாவிட்டால் என்னைப் போன்ற எத்தனையோ குமாஸ்தாக்கள், பள்ளி ஆசிரியர்கள், கடைச் சிப்பந்திகள் பட்டணத்தில் கால் ஊன்றியிருக்க முடியாது. ஆனால் சட்டம் எழுதியவர்கள் கண்முன் நின்ற வீட்டுக்காரர் பத்து வீடு வைத்த முசியே வொத்தூர். பின்கட்டில் ஒண்டிக்கொண்டு முன்கட்டு வாடகையில் அடுப்பெரிக்கும் அம்மாள் அவர்கள் கண்ணில் படவில்லை. நான் பார்த்த சிந்தாதிரிப்பேட்டையிலும் திருவல்லிக்கேணியிலும் பாதிக்கு மேல் இப்படிப்பட்ட வீட்டுக்காரர்கள்தான். பத்துக் கட்டடம் வைத்தவருக்கு வக்கீல் உண்டு.

1981 கடைசியில் தெருப் பெரியவர் ஒருவர் நடுவில் வந்து பேசி எண்பத்தைந்து ரூபாய் என்று முடிந்தது. மணியார்டர் நின்றது. பேச்சு பழையபடி ஒட்டவில்லை.

பிறகு அவர் மகனுக்குக் கல்யாணம் கூடியது. முன்பக்கத்தைக் காலி செய்ய முடியுமா என்று மகனை விட்டுக் கேட்டார். பக்கத்து மேஜைக்காரர் மறுபடி சட்டத்தைப் பிரித்தார். வீட்டுக்காரர் ஒரு பகுதியில் இருந்துகொண்டு கூடுதல் இடத்துக்காக இன்னொரு பகுதியைக் கேட்டால், அவருக்குக் கிடைக்கும் வசதியைவிடக் குடியிருப்பவனுக்கு வரும் கஷ்டம் அதிகம் என்று கண்டால் மனுவைத் தள்ள வேண்டும். எனக்கு இரண்டு குழந்தைகள், ஒன்று கைக்குழந்தை. கஷ்டம் என் பக்கம்தான் கனம் என்றார். கோர்ட்டுக்குப் போகும் தேவையே வரவில்லை. அந்தப் பையன் பல்லாவரத்தில் ஒரு அறை வாடகைக்கு எடுத்துக்கொண்டு மனைவியோடு போய்விட்டான். சொந்த வீடு இருந்தும் வாடகைக் குடித்தனம். அங்கே அவனுக்கு வாடகை நூற்று எண்பது. அட்வான்ஸ் பத்து மாதம். பத்து மாதம் என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டது அப்போதுதான்.

ஏன் பத்து? எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். என்னைப் போல ஒரு குடித்தனக்காரன் உள்ளே வந்துவிட்டால் கிளம்ப மாட்டான், வாடகையும் ஏறாது. பாக்கி வைத்தால் வழக்கு முடியும் வரை வாயைக் கட்டிக்கொள்ள வேண்டும். ஆகவே உள்ளே விடும்போதே ஒரு வருட வாடகையைப் பிடித்து வைத்துக்கொள்வோம் என்று வீட்டுக்காரர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள். அரசாங்கச் சட்டம் ஒரு மாதம் என்றது, தெருச் சட்டம் பத்து மாதம் என்றது. தெருச் சட்டம்தான் நிலைத்தது. மாதம் 400 ரூபாய்க்கு மேல் வாடகையுள்ள குடியிருப்புகளை 1960 சட்டத்திலிருந்து விலக்கிய பிரிவை 1986-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதன்பிறகு பெரிய வாடகைக்காரர்களுக்கும் பாதுகாப்பு வந்துவிட்டது. வீட்டுக்காரர்களின் பயமும் கூடியது. பதினோரு மாத ஒப்பந்தம், பத்து மாத அட்வான்ஸ், வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை பிடித்தம் எல்லாம் பயத்தின் குட்டிகள்.

அந்த 1986-லேயே எனக்கு அரசு குடியிருப்பு ஒதுக்கீடு ஆனது. சிந்தாதிரிப்பேட்டையைக் காலி செய்த அன்று அந்த அம்மாள் முந்நூறு ரூபாயையும் எண்ணிக் கொடுத்தார். சுவரில் ஆணி அடித்த ஓட்டைகளுக்குக்கூட ஒன்றும் பிடிக்கவில்லை. மகனும் மருமகளும் அடுத்த மாதமே வந்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

1960 சட்டம் இப்போது இல்லை. 2017-இல் புதுச்சட்டம் நிறைவேறி 2019 பிப்ரவரி 22 முதல் நடப்புக்கு வந்தது. நியாய வாடகை என்ற சொல்லே போய்விட்டது. இரு தரப்பும் ஒப்புக்கொண்டதுதான் வாடகை. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாகவேண்டும். அட்வான்ஸுக்கு அது போட்டிருக்கும் அளவு மூன்று மாதம். வீட்டுக்காரர்களின் பழைய பயத்துக்கு இப்போது முகாந்திரம் குறைவு. வாடகை ஏற்றலாம், காலம் முடிந்தால் காலி செய்யச் சொல்லலாம். ஆனாலும் பயம் போன பிறகும் பத்து மாதம் போகவில்லை. வட்டியில்லாமல் இரண்டு லட்சம் கையில் வருவதை யார் விடுவார்கள்? பாரிஸிலும் 1948-இல் பழைய கட்டடங்களின் வாடகையைக் கட்டிப்போட்டு ஒரு சட்டம் போட்டார்கள். அதன் கீழ் குடியிருந்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள், வெளியே வீடு தேடியவர்கள் திண்டாடினார்கள். நான் அதிர்ஷ்டசாலிகள் பட்டியலில் இருந்தவன். என் பேத்தி தேடுகிறவர்கள் பட்டியலில் நிற்கிறாள்.

நேற்று வைப்புநிதி ரசீதைத் தேடி டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். முதிர்வுக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. முன்னதாக உடைத்தால் வட்டியில் கொஞ்சம் குறைப்பார்கள். குறைத்துக்கொள்ளட்டும். ரசீதுக்கு அடியில், சணல் கயிறு கட்டிய ஒரு சின்னக் கட்டு. மணியார்டர் ஒப்புகைச் சீட்டுகள், இருபத்தாறும் இருந்தன. கோர்ட்டுக்கு வேண்டியிருக்கும் என்று பத்திரப்படுத்தியவை. ஒவ்வொன்றிலும் வலப்பக்கம் சரிந்த எழுத்தில் அந்த அம்மாளின் கையெழுத்து. மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் இன்னுமா வச்சிருக்கீங்க?" என்றாள். கட்டைப் பிரிக்காமல் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, ரசீதை எடுத்துக்கொண்டு வங்கிக்குக் கிளம்பினேன்.